சோளத்தட்டுக்குள் ஒதுங்கியவை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க மிஷின் வந்தது. நாலு ஓரத்தையும் சுற்றிச் சுற்றி அறுக்கச் சொன்னது நான்தான். நடுவில் ஒரு கட்டில் அளவு பாக்கி இருந்தபோது, காற்றே இல்லாமல் தட்டு ஆடியது.

“நிறுத்து கண்ணு, நிறுத்து!” என்று கத்தினேன்.

“ஏனுங்கம்மா, பாம்புங்களா?” என்று கேட்டுக்கொண்டே மிஷின் டிரைவர் தன் சீட்டு மேலே ஏறிக்கொண்டார்.

உள்ளிருந்து ஒரு கௌதாரி வந்தது. பின்னாலேயே நெல்லிக்காய் அளவில் குஞ்சுகள், ஒன்பதோ பத்தோ. கடைசியில் ஒரு முயல். அறுக்க அறுக்க ஒதுங்கி, எல்லாம் அந்தக் கட்டில் அளவு இடத்தில் மூச்சடக்கி இருந்திருக்கின்றன. அவை ஓரத்துக் கிளுவைச் செடி வேலிக்குள் மறையும்வரை மிஷினை ஓட்டவில்லை.

இப்போதெல்லாம் வேலிக்கு எதிர் ஓரத்தில் தொடங்கி, உள்ளே இருப்பவை வேலிக்குள் ஓடிவிடட்டும் என்று வேலியைப் பார்த்தே அறுக்கச் சொல்கிறேன். இப்படிச் செய்தால் எல்லாம் தப்பிவிடுமா? தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.