முகம்மது யூசுப் விற்ற அடாப்டர்

சிங்கப்பூர் தேக்காவில் முகம்மது யூசுப் இருபத்திரண்டு வருடமாக அடாப்டர் விற்றார். பயணிகள் பிளக்கை நீட்டுவார்கள். அவர் அதன் கம்பிகளை மட்டும் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். "எல்லாம் ஓடும் லா" என்பார். பெரும்பாலும் செல்பேசி சார்ஜர்கள். எந்த நாட்டு மின்சாரத்தையும் தாங்குபவை. ஓடின.

அன்று மதியம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ரோஷினி, கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு பிளக்கின் படம் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே கடைக்கு வந்தாள்.

"அப்பாவோட நெபுலைசர், பாய். மருந்தை ஆவியாக்கிக் குடுக்குற மிஷின். காலையிலேர்ந்து மூச்சு இழுக்குது. எதிர் ஹோட்டல்லதான் இருக்கோம். ஓடுமா?"

"ஓடும் லா, மா."

அடாப்டரோடு அவள் போன பிறகுதான் படத்தை நிதானமாகப் பார்த்தார். பிளக்குக்குப் பின்னால் இயந்திரத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. 120 வோல்ட் மட்டும். மின்பொறியாளரான மகள் யும்னாவை அழைத்தார்.

"அத்தா, அடாப்டர் பிளக்கைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. இங்க இருநூத்தி முப்பது. மோட்டார் கருகிடும்."

"அந்த மனுஷன் முகத்துல மாட்டியிருப்பாங்களே!"

ரோஷினியை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

கடையைத் திறந்தது திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார். சிக்னலுக்குக்கூட நிற்கவில்லை. ஹோட்டல் வரவேற்பில் அறை எண்ணைக் கேட்டுக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடி ஏறினார். மூட்டு வலி தெரியவில்லை. புகை நாற்றம் வருகிறதா என்று மட்டும் மூக்கு தேடியது.

ரோஷினி கதவைத் திறந்தாள். "ஓடும்னீங்களே பாய்! ஒரு சத்தமும் வரல!"

கட்டிலில் அவள் அப்பா துரைசாமி. முகத்தில் மாஸ்க். உதடு வெளிறி, தோள் ஏறி இறங்கியது. பிளக் சுவரில் செருகியிருந்தது. பக்கத்தில் இருந்த சுவிட்ச் போடப்படவில்லை. அவர்கள் ஊர்ப் பிளக் பாயிண்டில் சுவிட்ச் கிடையாது.

துரைசாமியின் விரல் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. "இதை... அமுக்கி..."

யூசுப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

விளக்கம் சொல்ல நேரமில்லை. இருவரும் தாங்கிப் பிடித்து, அடுத்த தெருக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த இயந்திரம் உறுமத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் மூச்சு இளகியது.

"நல்லவேளை ஓடி வந்தீங்க, பாய்" என்றாள் ரோஷினி.

யூசுப் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். யும்னாவை அழைத்தார்.

"அந்தப் பெரியவர் பொழச்சிட்டாரு."

"அப்புறம் ஏன் அத்தா அழறீங்க?"

"இருபத்திரண்டு வருஷம், யும்னா. எத்தனை பேருகிட்ட ஓடும்னு சொல்லியிருப்பேன்?"