கஷாயக்காரர் கழுவிய விதை

எங்கள் ஆலையில் அவரைக் கஷாயக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். செம்மண் தாதுவைக் காரச் சோடாவில் கரைத்து, அலுமினா என்ற வெள்ளைப் பொடி எடுக்கிற ஆலை. மண்ணோடு மக்கிய வேரும் இலையும் கரைந்துவிடும். கரைசல் கஷாயம் மாதிரிக் கறுத்து நுரைக்கும். பொடியும் மணலாக விழாமல் மாவாகிப் போகும். அந்த அழுக்கை எடுப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. சோடா தெறித்து ஓட்டை விழாத சட்டை அவரிடம் கிடையாது. "காத்தோட்டமா இருக்கட்டும்னு உங்க அண்ணி தைக்க மாட்டேங்குறா" என்பார். நான் அங்கே வடிகட்டித் துணி துவைப்பவள்.

அந்த அழுக்கில் ஒருவகை உப்பும் கரும்பிசினும் இருக்கும். முன்பு வடித்தெடுத்த உப்பிலேயே கொஞ்சம் விதையாகத் தொட்டியில் போட்டால், கரைசலில் இருக்கும் உப்பு அதன்மேல் ஒட்டி வளரும். வளர்ந்ததை வடித்துவிடலாம். விதைமேல் அந்தப் பிசின் படிந்துவிட்டால் எதுவும் ஒட்டாது. வெந்நீரில் கழுவவேண்டும்.

ஒரு மாதமாக எதுவும் ஒட்டவில்லை. நுரை தொட்டி விளிம்பைத் தாண்டியது. அன்று காலை மேலாளர் வந்து, சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பிரிவை மூடி, எங்கள் ஐந்து பேரையும் மூட்டை தைக்க அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

"விதை பத்தலைண்ணே, இன்னும் ரெண்டு மூட்டை போடலாம்" என்றாள் சோதனைக்கூடத்துப் பெண்.

கஷாயக்காரர் கையுறையில் கொஞ்சம் விதையை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். "வேணாம்மா. தப்பு என்னுது. வெந்நீர்ல விதையும் கரையுதே, வீணாப் போகுதேன்னு அரைகுறையா கழுவிட்டேன்."

"இப்ப நல்லா கழுவினா?" என்றாள் அவள்.

"கால்வாசி போயிடும். போகட்டும். மிச்சம் வேலை செய்யும்."

"எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"இல்லேன்னா மூட்டை தைக்க நான் முதல் ஆளாப் போறேன்." என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ சாமி கும்பிடு. கும்பிட்டுக்கிட்டே துணியை மாட்டு."

இரண்டையும் செய்தேன். கழுவிய நீர் முதலில் கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு தெளிவாக. தெளிந்த கையோடு வெந்நீரை நிறுத்தி விதையைத் தொட்டியில் விட்டார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்.

சாயங்காலம் துணியிலிருந்து விரல் கனத்துக்கு உப்பு, அடை அடையாக உரிந்து விழுந்தது. மேலாளர் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தார்.

"என்னய்யா பண்ணினே?"

"குளிப்பாட்டினேன் சார். ஒரு மாசமா சரியா குளிப்பாட்டாதது நான்தான்."

மேலாளர், "நாளையிலேர்ந்து எத்தனை நிமிஷம் கழுவணும்னு நீயே எழுதி மாட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கடவுள் புண்ணியத்தில் நாங்கள் ஐந்து பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.