ஓரின் டீபோ தோற்ற ஓட்டு

ஈஸ்ட் ஹாரோவில் ஓரின் டீபோ முப்பத்தோரு வருடம் சாலைப் பொறுப்பாளராக இருந்தார். வெர்மான்ட் மலைகளுக்குள் எழுநூறு பேர் இருக்கிற ஊர். பனிக்காலத்தில் விடியுமுன் அவருடைய பனி தள்ளும் வண்டி எங்கள் வாசலைக் கடக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் என் மனைவி பள்ளி உண்டு என்று நம்பி எழுந்திருப்பாள். இந்த ஊரில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். ஓரின் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அது 2002 மார்ச்சில், ஊர்ச் செலவுகளை எல்லோரும் கை தூக்கி முடிவு செய்கிற வருடாந்திர ஊர்க்கூட்டத்தில்.

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு கார் கண்ணாடியிலும் கொடி ஒட்டியிருந்த நேரம். பள்ளி விளையாட்டுக்கூடத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பின்னால் மேஜையில் மதியத்துக்கு அவித்த பீன்ஸும் பன்றித்தொடையும் ஆப்பிள் பலகாரமும் காத்திருந்தன.

இரும்புக்கடை வெண்டெல் கிட்ரிஜ் எழுந்தார். ஊர் நடுவில் நூற்றிருபது அடிக் கொடிக்கம்பம் நட வேண்டும் என்பது அவர் தீர்மானம்.

"தலைவரம்மா, இந்த மாதிரி ஒரு நாடு பூமியில வேற கிடையாது. கடவுளே பார்த்துப் பார்த்துச் செஞ்ச நாடு. அது நெடுஞ்சாலையில போறவனுக்கும் தெரியணும்."

கைத்தட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போதுதான் ஓரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். பள்ளத்தெருவில், சாலைக்கு அடியில் ஓடை போகிற இரும்புக் குழாய் துருப்பிடித்துப் போயிருந்தது. வசந்தத்தில் பனி உருகினால் தண்ணீர் சாலை மேல் ஏறும். பள்ளிப் பேருந்து பதினோரு மைல் சுற்றிப் போகும். ஊர்க் கையிருப்போ இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்.

"குழாயை மாத்துவோம். கம்பம் அடுத்த வருஷம் நட்டுக்கலாம்" என்றார் ஓரின்.

"கொடிய விடக் குழாய் பெருசா உனக்கு?" என்றார் வெண்டெல். "உலகத்துலயே சிறந்த நாட்டுல இருக்கோம்னு கொஞ்சமாவது பெருமை வேணாமா?"

"மத்த நாட்டை நான் பார்த்ததில்ல, வெண்டெல். நீ பார்த்திருக்கியா?"

"கனடாவுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கேன்."

கூடம் சிரித்தது. ஓரின் சிரிக்கவில்லை.

"எனக்கு ரோடுதான் தெரியும். நம்ம ஊர் ரோடு இந்த மாநிலத்துலயே மோசமான ரோடு. முப்பது வருஷமா நான் அதைப் பார்த்துக்கிறேன், நல்லா இருக்குன்னு இல்ல. நம்ம பிள்ளைங்க அதுலதான் போகுது. நாட்டையும் எனக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும். அது முதலாவதா மூணாவதான்னு யோசிச்சதில்ல."

வெண்டெலின் முகம் சிவந்தது. "உங்க தாத்தா கனடாவுல கியூபெக்லருந்து வந்தவர்தானே? ரத்தம் பேசுது!"

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டும் அடீல் ப்ரூயிட் துள்ளி எழுந்தாள். "வாயை அடக்கு வெண்டெல்! இவர் தம்பி ரேமண்ட் வியட்நாம் சண்டையிலருந்து சவப்பெட்டியில வந்தான். மறந்துட்டியா?"

"அடீல், வேணாம்" என்றார் ஓரின். "ரேமண்டுக்கு இதுல ஓட்டு இல்ல. விட்டுடு." தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கம்பத்துக்குத் தொண்ணூற்றொன்று, குழாய்க்கு அறுபத்துநான்கு. நான் கம்பத்துக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அந்த வருடம் என்னைப் போல் வெளிநாட்டிலிருந்து வந்த மாநிறத்தவன் ஒருவன் வேறு பக்கம் கை தூக்க அஞ்சினான் என்பதே உண்மை. ஓரினிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. "தெரியும். பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் அவருடைய தபால் பெட்டியில் யாரோ ஒரு கனடாக் கொடியைச் செருகிவிட்டுப் போனார்கள். அவர் மனைவி மார்செல் கொதித்துப் போய் அதை அடுப்பில் போடப் போனாள். ஓரின் வாங்கி, ஓரம் சேர்த்து மடித்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார்.

"உன்னைக் கேலி பண்ணியிருக்காங்க, நீ என்னடான்னா மடிச்சு வைக்கிற!"

"அதுவும் யாரோ ஒருத்தரோட கொடிதானே" என்றாராம்.

மே மாதம் தரை இளகியதும் கம்பத்துக்குக் குழி தோண்டும் வேலை ஊர் சாலைப் பொறுப்பாளர் தலையில்தான் விழுந்தது. கம்பம் விற்றவர்கள் ஒரு ஆழம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஓரின் அதற்கும் மேல் மூன்றடி இறங்கினார். வெண்டெல் வந்து விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னடா, எனக்கா குழி தோண்டுற?"

"மண்ணுல உறையுற பனி கம்பத்தை மேல தள்ளும். அவங்க கணக்கு நம்ம மண்ணுக்கு ஆகாது. நாலே வருஷத்துல சாஞ்சிடும்."

"வேணாம்னு ஓட்டுப் போட்டவன் நீ."

"போட்டேன், தோத்தேன். தோத்தவன் வேலையை அரைகுறையா செஞ்சா, அப்புறம் ஓட்டுன்னு ஒண்ணு எதுக்கு?"

வெண்டெல் விளிம்பை விட்டு நகர்ந்தார். கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கையில் இன்னொரு மண்வெட்டி இருந்தது. அறுபதை நெருங்கும் இரண்டு பேரும் மாலைவரை குழிக்குள் நின்றார்கள். மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை என்று, வழியில் நாயோடு நின்று பார்த்த அடீல் சொன்னாள்.

அடுத்த மார்ச்சில் பள்ளத்தெருக் குழாய் மறுபடி தீர்மானமாக வந்தது. வழிமொழிந்தவர் வெண்டெல். விவாதமே இல்லை, பீன்ஸ் ஆறுவதற்குள் முடிந்தது.

ஆகஸ்டில் குழாய் இறங்கியபோது உதவிக்கு ஆள் வேண்டுமென்று நானும் போனேன். வண்டியின் வானொலியில் ஈராக் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. போர் சரி என்றார் வெண்டெல், தப்பு என்றார் ஓரின். திருகாணியை முடுக்கிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"உனக்கு நாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஓரின்."

"அந்தப் பக்கம் தூக்கு. இன்னும் கொஞ்சம். பிடிச்சுக்கோ."

வெண்டெல் பிடித்துக்கொண்டார். ஓடை குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஓரின் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, குழாயை மூடச் சரளைக் கல் லாரியைப் பின்னோக்கி வரச் சொல்லிக் கையசைத்தார்.