இரத்தக் கொதிப்புக்கு இஞ்சி

என் கணவருக்கு இரத்தக் கொதிப்பு என்று தென்காசி டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பில்லாக் குழம்பை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சாப்பிட்டார். இரத்த ஓட்டத்துக்கு இஞ்சியை மிஞ்சிய மருந்து கிடையாது என்பது என் கட்சி; இன்றும் அதேதான். குற்றாலச் சாரலில் நனைந்துபோய் இஞ்சி வாங்கி வந்து, தோல் சீவி, எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுத் தினமும் காலையில் கொடுத்தேன். அதை மட்டும் கேட்டு வாங்கித் தின்றார்.

அடுத்த மாதம் டாக்டரிடம் போய்ப் பார்த்தால் கொதிப்பு ஏறியிருந்தது. ஊறிய இஞ்சி கொடுத்து வருவதைச் சொன்னேன்.

"இஞ்சியக் குத்தம் சொல்லலம்மா. ஊறுனது கெடாம இருக்க என்ன போடுதிய?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு கை உப்பு," என்றேன்.

பக்கத்தில் என் கணவர், தேதி தெரியாதவர் போல, சுவரில் தொங்கிய காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.