வட்டமாகப் போட்ட கையெழுத்து

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது எங்கள் வீட்டில் அண்ணன் ஒருவனுக்குத்தான் கால்கள் இருந்தன. மற்றவர்கள் ஏதோ நடந்துகொண்டிருந்தோம். அண்ணன் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடினான். விளையாட்டை வைத்துத்தான் அவனுக்குச் சீட்டே கிடைத்தது, ஃபீஸ் கிடையாது. மைதானத்திலிருந்து அவன் வந்து ஷூவைக் கழற்றும்போதே அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து முழங்காலைத் தேய்த்துவிடுவாள். காலையில் அவனுக்கு முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை. நானும் ஒரு முட்டை கேட்டால், "நீ எந்த கிரவுண்டுல ஓடப் போறே?" என்பாள். பள்ளிக்கூடத்திலும் டீச்சர்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனுடைய தங்கச்சி, அவ்வளவுதான்.

எனக்கென்று இருந்தது கையெழுத்து மட்டும். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார்; அங்கே தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். அவர் எழுத்தை அவராலேயே திரும்ப வாசிக்க முடியாது. அதனால் நிர்வாகத்துக்குப் போகிற மனுக்களை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். "ஏட்டி, வெள்ளைத்தாள் எடுத்துட்டு வா" என்று அவர் கூப்பிடுகிற நேரத்தில் மட்டும் அண்ணன் வீட்டில் சும்மா ஒரு ஆள். அந்த அரைமணி நேரத்துக்காகவே மில்லில் ஏதாவது பிரச்சினை வர வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டிருக்கிறேன்.

அந்த வருடம் ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த போட்டியில், அண்ணன் அணியிலேயே உயரமான பையனுக்கு முட்டி விலகிப்போயிற்று. வத்திராயிருப்புக்காரன், அப்பா இல்லாத பிள்ளை, கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். ஒரு மாதம் கட்டுப் போட்டுப் படுத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனால், இனி ஆட முடியாதவனுக்கு விளையாட்டுச் சீட்டு கிடையாது, ஃபீஸ் கட்டு, இல்லையென்றால் ஹாஸ்டலைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அணி மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணனையும் சேர்த்து எட்டுப் பேர். ஒவ்வொருவரும் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்ததை அம்மா ஏதோ கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வத்திராயிருப்பு அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து, காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலியும் போட்டார்கள்.

அண்ணன்தான் ஆரம்பித்தான். "அப்பா, நாங்க ஒரு சங்கம் வைக்கணும். எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

அப்பா சிரித்துவிட்டார். "ஏலே, சங்கம்னா வேலை பாக்குறவனுக்கு. பந்து விளையாடுறவனுக்கு எதுக்குச் சங்கம்?"

"பந்து விளையாட மாட்டேன்னா சீட்டு போயிரும். மில்லுக்கு வர மாட்டேன்னா உங்களுக்கு வேலை போயிரும். ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"நீங்க சந்தோசமா ஆடுதீக. நாங்க மிஷின் முன்னால சந்தோசமாவா நிக்கோம்?"

அப்போது வத்திராயிருப்பு அண்ணன் மெதுவாகச் சொன்னான். "சந்தோசமாத்தான் ஆடினேன் அய்யா. அதுக்காக முட்டி வலிக்காம இருக்கா?"

அப்பா முக்காலியில் நீட்டியிருந்த அவன் காலைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் அண்ணன்மேல் வைத்து நான் பார்த்ததில்லை. சங்கத்துப் பெரிய ஆட்கள் பேசும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. முட்டை போனால் போகட்டும். அப்பாவின் மனு நேரத்துக்குள்ளும் இவன் வந்து உட்கார்ந்துவிட்டானே என்று இருந்தது.

"சங்கம்கிற வார்த்தையை இப்ப எழுத வேண்டாம்" என்றார் அப்பா. "முதல்ல கோரிக்கையை எழுதுவோம். ஏட்டி, தாள் எடுத்துட்டு வா."

ஆட்டத்தில் அடிபட்டால் படிப்பு முடிகிறவரை சீட்டைப் பறிக்கக் கூடாது. வைத்தியத்தைக் கல்லூரி பார்க்க வேண்டும். பரீட்சை நாளில் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பக் கூடாது. முத்து முத்தாக எழுதினேன். ஆனால் முடித்ததும் ஒருவரும் எழுத்தைப் பார்க்கவில்லை; எல்லோரும் விஷயத்தைத்தான் பார்த்தார்கள். கையெழுத்துப் போடும்போது அப்பா தடுத்தார்.

"ஒருத்தனுக்குக் கீழ ஒருத்தன் போடாதீக. மேல போட்டவன்தான் தூண்டிவிட்டவன்னு அவனைப் பிடிச்சுக்கிடுவாக. வட்டமாப் போடுங்க. வட்டத்துக்குத் தலை கிடையாது."

எட்டுப் பேரும் தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். நான் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் கல்லூரி விளையாட்டு ஆசிரியர் ஸ்கூட்டரில் வந்தார். அப்பா ஷிப்டில் இருந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் நோட்டை அவர் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த மனுவை எடுத்து விரித்தார்.

"இம்புட்டு அழகா யாரு எழுதினதுன்னு நானும் பிரின்ஸ்பாலும் பேசிக்கிட்டே இருந்தோம். நீதானா பாப்பா?"

கல்லூரி பிரின்ஸ்பாலே பேசினாராம். எனக்கு ஒரு சாண் வளர்ந்ததுபோல இருந்தது. "நான்தான் சார். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்."

"கெட்டிக்காரி. அப்ப இந்த யோசனை அப்பாவோடதுதான்?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நல்ல பெயர் கிடைத்த சூட்டில், யோசனைக்கான பழியை அதற்குரிய ஆளிடம் சேர்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. "இல்ல சார். அண்ணன்தான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தான். சங்கம் வைக்கணும்னு சொன்னதும் அவன்தான்."

அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். இன்றைக்கு வீட்டில் அவனுக்கு நல்ல திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

மறுநாளே அண்ணனை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஃபீஸ் கட்டினால் படிக்கலாம் என்றார்கள்; எங்களால் கட்ட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த வாரப் போட்டிக்கு மற்ற ஆறு பேரும் வேனில் ஏற மாட்டோம் என்று மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு நாள் பேச்சு நடந்தது. கடைசியில், வத்திராயிருப்பு அண்ணன் படித்து முடிக்கட்டும், ஹாஸ்டலிலும் இருக்கட்டும் என்று கல்லூரி இறங்கி வந்தது. ஆனால் சங்கம் என்ற பேச்சு இருக்கக் கூடாது. எங்கள் அண்ணனும் திரும்ப வரக் கூடாது. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன்தான் அவர்களைச் சம்மதிக்க வைத்து வேனில் ஏற்றிவிட்டு வந்தான்.

அன்று மத்தியானம் அப்பா அவனைக் கேட்டார். "வட்டமாத்தானலே போட்டீக? உன் பேரு மட்டும் எப்படி வெளிய வந்துச்சு? யாரு சொன்னது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான்ப்பா சொன்னேன். பிரின்ஸ்பால் கேட்டாரு. மத்தவங்க மாட்டிக்கிடக் கூடாதுன்னு நானே ஒத்துக்கிட்டேன்."

அப்பா எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "சரிலே. நாளைக்கு என்கூட மில்லுக்கு வா. சேத்துவிடுதேன்" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய வயிற்றெரிச்சலும் வந்தது. மறுவாரம் வத்திராயிருப்பு அண்ணனின் அம்மா ஒரு பை நிறையத் தேங்காயோடு வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது அது இன்னும் கூடியது. படிப்பும் போய், பந்தும் போய், மில்லில் பஞ்சுத் தூசியோடு வருகிறவனுக்கு முன்னைவிட மரியாதை கூடிக்கொண்டே போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு கல்யாண வீட்டில் அந்த அணியில் ஆடிய ஒருவரைப் பார்த்தேன். அண்ணனை நீக்கிய அன்று விளையாட்டு ஆசிரியர் எல்லோர் முன்னாலும், "உன் தங்கச்சி கையெழுத்து மட்டுமில்ல, பேச்சும் தெளிவா இருக்கு" என்று சொன்னதாக அவர் சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். அப்படியென்றால் அப்பா கேட்டபோதே அண்ணனுக்கு எல்லாம் தெரியும்; நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

ஆனால் அந்தப் பதினொரு வயதில், அப்பா அவன் தோளில் கை வைத்த அன்று நான் பின்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அண்ணனுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. சொன்னது நான், சொல்லாத ஒன்றைச் சொன்னதாகப் பொய் சொல்லி, அப்பாவிடம் அந்த நல்ல பெயரையும் இவனே வாங்கிக்கொண்டானே என்றுதான் நான் அழுதேன்.