சிவப்புக் கோட்டுக்குக் கீழே

எனக்குப் பயம் வந்தால் கத்துவேன். பிள்ளை தடுக்கி விழுந்தால் முதலில் முதுகில் ரெண்டு வைத்துவிட்டுத்தான் முழங்காலைப் பார்ப்பேன். "கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு?" கொழும்பில் கடை வேலைக்குப் போன புருஷன் போன் எடுக்க அரைமணி பிந்தினால், எடுத்ததும் அவர் காதில் விழுவது வசவுதான். "உசுரோட இருக்கியான்னு கேக்குற லச்சணமா இது?" என்று சிரிப்பார். எங்கள் அம்மாவும் இப்படித்தான். லயத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அதனால் இதை என் குணம் என்றே நினைத்திருந்தேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம், மலைச்சரிவை ஒட்டின லயம் எங்களுடையது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டுக் காம்பரா, காம்பராவுக்கு ஒன்றாக எட்டுக் குடும்பம். மீரியபெத்தயை மண் மூடினதைப் பற்றி இங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஆனால் மழை விடாமல் பிடித்தால் எல்லார் கண்ணும் தானாக மேலே போகும். சில வருஷத்துக்கு முன்னால் அதிகாரிகள் வந்து மழை அளக்க ஒரு போத்தல் கொடுத்தார்கள். அதில் சிவப்புக் கோடு ஒன்று. தண்ணி அதைத் தாண்டினால் லயத்தைக் காலி பண்ணிவிட்டு எதிர் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஓஎல் பரீட்சை வரை படித்தவள் என்று போத்தலை என் பொறுப்பில் விட்டார்கள். பகலில் நான் கொழுந்து பறிக்க மலையில் நிற்பதால் பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகள்தான் பார்ப்பாள். அவளுக்குப் பத்து வயசு.

போன வருஷம் ஒரு மழை நாளில் மூச்சிரைக்க மலைக்கே ஓடி வந்தாள். "அம்மா, கோட்டத் தாண்டிருச்சு!" நான் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டு இறங்கினோம். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் சேர்ந்தோம். நாலு மணிக்கு வெயில் அடித்தது! போய்ப் பார்த்தால், கன்றுக்குட்டி இடித்துப் போத்தல் கட்டின கம்பு சாய்ந்திருக்கிறது, இவள் அதை எடுத்துச் சுவரோரம் சாத்தியிருக்கிறாள். கூரைத் தண்ணி முழுக்கப் போத்தலுக்குள் வடிந்திருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குப் பேர் போத்தலக்கா. "என்னா போத்தலக்கா, இன்னிக்கு மலை எறங்குதா?" என்று வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் காலையிலேயே கேட்பார்கள். அந்த மழை நாளிலேயே நான் அத்தனை பேர் முன்னாலும் பிள்ளையை இழுத்து வைத்து அடித்திருந்தேன். "ஊரே சிரிக்க வச்சிட்டியேடி, சனியனே!" அவள் அழவில்லை. அழாமல் நின்றதை நல்ல பிள்ளைத்தனம் என்று நினைத்தேன். மடச்சி நான்.

அதற்குப் பிறகு அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா, என்னைவிடப் பத்து வயசாவது குறைவு. வயிற்றில் ஒன்றுமில்லை என்றுவிட்டு, "பிள்ளை வீட்டில ஆருக்குப் பயப்படுறா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்றது. அவர் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, உங்களுக்கு வாறது கோபமில்ல, பயம். கத்தின உடன பயம் கொஞ்சம் இறங்குது. அந்தச் சுகத்துக்காண்டித்தான் அடுத்த முறையும் கத்துறீங்கள். கத்த முதல், பயமா இருக்கெண்டு வாயால சொல்லிப் பாருங்கோ."

ஒரு நாள் லயத்தில் வந்து குடியிருந்து பாருங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள் என்று கத்தினேன். அவ்வளவுதான் நான் திருந்தின லட்சணம்.

பிறகு அந்த நாள் வந்தது. ரெண்டு நாளாக மழை ஓயவில்லை. மத்தியானம் வேலையை நிறுத்தி அனுப்பினார்கள். நான் நேரே போத்தலைப் போய்ப் பார்த்தேன். தண்ணி சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. அப்பாடா என்றிருந்தது. பக்கத்துக் காம்பராப் பெண் வாசலில் நின்று கேட்டாள், "என்னாக்கா, போத்தல் என்னா சொல்லுது?"

"கீழதான் இருக்கு. பயப்படாம சோத்த ஆக்கு போ."

என் வாயால்தான் அதைச் சொன்னேன். 

விறகு எடுக்கப் பின்பக்கம் போனேன். காலையில் நானே கவிழ்த்துக் கொட்டி வைத்த பேசின், வெட்டவெளியில், விளிம்பு வரை நிறைந்து வழிந்தது. மலையிலிருந்து வருகிற பீலியில் தண்ணி பால் தேத்தண்ணி நிறத்தில் விழுந்தது. பேசினை நிறைக்கிற மழை போத்தலை மட்டும் நிறைக்காதா? உள்ளே வந்தேன். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது.

சத்தம் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. கத்தினால் இவள் "இல்லம்மா, நான் கொட்டல" என்பாள். அதை நம்பி நான் எட்டு வீட்டையும் இங்கேயே வைத்திருப்பதா, நம்பாமல் மறுபடி எல்லாரையும் மழையில் இழுத்துக்கொண்டு போவதா? எட்டு வீட்டு உயிரும் இவள் வாய்க்குள் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். 

"பாப்பா, அம்மாவுக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

வாழ்க்கையில் அதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவள் நனைந்த கையை வயிற்றிலிருந்து எடுத்தாள்.

"அடிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"ரெண்டு தடவ கொட்டிட்டேம்மா. மறுபடியும் பொய்யாப் போனா ஒங்களப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க."

அடிப்பேன் என்பதற்காக மட்டுமில்லை, என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதற்காகவும் கொட்டியிருக்கிறாள், பாவி மகள். வெளியே ஓடிப்போய், கோட்டைத் தாண்டிவிட்டது, பிள்ளை பார்த்துவிட்டாள் என்று கத்தினேன். அன்றைக்குத்தான் என் சத்தம் உருப்படியாகப் பயன்பட்டது. சிரித்தவர்களும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டினார்கள். அஞ்சு மணி இருக்கும், மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே லயத்துக்கு மேலே தேயிலை வரிசை வரிசையாக நடந்து வந்தது. மாட்டுக் கொட்டில் போனது, கன்றுக்குட்டி போனது, கடைசி ரெண்டு காம்பராவும் போனது. ஆள் யாரும் போகவில்லை.

"ஒம் மகதான் எங்களக் காப்பாத்துனா" என்று அவள் தலையைத் தடவினார்கள். ரெண்டு தடவை கொட்டினதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தலை முழுக வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் தரவில்லை. மிச்சமிருக்கிற ஆறு காம்பராவில் எட்டுக் குடும்பமும் இருக்கிறோம். முற்றத்தில் கை போகிற அளவுக்கு வெடிப்பு, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். டாக்டரம்மா சொன்னதை இன்னும் பழகுகிறேன். பத்துக்கு மூணு தடவை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், மிச்சம் ஏழுக்கும் கத்தத்தான் செய்கிறேன். போன கிழமை கூட ஒரு கோப்பை உடைந்ததற்கு லயமே அதிரக் கத்தினேன்.

இன்றைக்குக் காலையிலிருந்து மழை. இப்போதுதான் அவள் போத்தலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். தலையிலிருந்து தண்ணி சொட்டுகிறது.

"எவ்வளவு பாப்பா?" என்றேன்.

 அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள்.