ஒன்பது நிமிட பேட்டரி

எங்கள் வீட்டு லேப்டாப்பின் பேட்டரி ஒன்பது நிமிடம் தாங்கும் என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சார்ஜர் ஒயர் வருஷக்கணக்காகச் செருகியே இருந்தது. கூடத்து மேஜையை விட்டு நகராமல், தன்னை ஒரு மேஜைக் கணினி என்று நம்பியே அது வாழ்ந்துவந்தது.

சோதிக்கவைத்தது செய்தித்தாளில் வந்த நான்கு வரி. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக ஸ்ரீரங்கம் பகுதிகளில் அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. அதே வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என் மனைவிக்கு ஆன்லைனில் வாய்மொழித் தேர்வு.

அவள் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். வேலை பார்த்துக்கொண்டே பதினொரு வருஷம் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆராய்ச்சி செய்து முடித்திருந்தாள். பல்கலைக்கழகம் இரண்டு முறை அவகாசம் நீட்டிக் கொடுத்து, மூன்றாவது முறை கிடையாது என்று எழுத்தில் தெரிவித்திருந்தது. வடக்கே எங்கோ இருக்கும் வெளித் தேர்வாளர் அந்த ஒரு நாளைத்தான் ஒதுக்கியிருந்தார். அது தவறினால் பதினொரு வருஷமும் போச்சு. அவளுக்கு வயது ஐம்பது. இன்னொரு பதினொன்றைத் தொடங்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

வேறு லேப்டாப் இரவல் வாங்கலாமே என்றால், ஆய்வேடு முழுக்க ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. இன்னொரு கணினியில் திறந்தால் சோழர் காலம் மொத்தமும் கட்டம் கட்டமாகத் தெரியும். அவளுக்குத் தோன்றிய வழி மிக எளிமையானது.

"பாலம் தாண்டி கே.கே. நகர்ல தங்கை ஆத்துக்குப் போயிடறேனே. அங்க அன்னிக்கு கரண்ட் இருக்கு. இன்வெர்ட்டரும் இருக்கு."

இந்த இடத்தில் நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது. ஆனால் நம் வீட்டுப் பரீட்சையை மைத்துனி வீட்டில் எழுதுவதா என்று எனக்கு ஒரு ரோஷம் வந்தது. நான் நிறையப் படிப்பவன். நிறையப் படிப்பவனுக்கு ஸ்க்ரூ டிரைவரும் பிடிக்கத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ வந்துவிடுகிறது.

"பேட்டரியை நானே சரி பண்றேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "மிக்ஸியைச் சரி பண்ணினேளே, அந்த மாதிரியா?"

"அது மோட்டார். இது கெமிஸ்ட்ரி."

இணையத்தில் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. செத்த பேட்டரியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால் இழந்த சக்தி திரும்பும் என்று ஒருவர் ஆணித்தரமாகச் சொன்னார். இன்னொருவர், மேலோட்டைப் பிளந்தால்தான் குளிர் உள்ளே இறங்கும் என்றார். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துச் செய்வது இரண்டு மடங்கு பலன் என்று முடிவு செய்தேன். இரண்டு வைத்தியர்களின் மருந்தை ஒரே டம்ளரில் கலக்கிக் குடிக்கிற புத்தி இது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை அவள் கல்லூரிக்குப் போனதும் பேட்டரியைக் கழற்றி, வெண்ணெய்க் கத்தியால் ஓட்டின் விளிம்பை நெம்பினேன். உள்ளே என்னவோ மகத்தான சமாசாரம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். டார்ச் லைட்டுக்குப் போடுவது போல ஆறு செல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றை மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று இணைத்திருந்தன. இவ்வளவுதானா என்று எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியில், அந்தத் தகடுகள் எதற்கு என்று யோசிக்கவே இல்லை.

அடுத்து எங்கே வைப்பது என்ற கேள்வி. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூகோளம் உண்டு. மேல் தட்டில் பால், தயிர், பெருமாளுக்கு வாங்கிய பூ. சாதம் பட்டது எல்லாம் பத்து, தொட்டால் கை கழுவவேண்டிய ஆசாரக் கணக்கு, அதற்குக் கடைசித் தட்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. லித்தியம் பத்தா இல்லையா என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை. ஃப்ரீசர் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் உட்படாத புறம்போக்கு. ஒரு ஐஸ் தட்டும் ஒரு பாக்கெட் பட்டாணியும்தான் அங்கே குடியிருந்தன.

அதற்குமுன் பேட்டரியைச் சுற்றவேண்டும். வீடியோவில் பிளாஸ்டிக் பை என்றுதான் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பொருளை வெளியே அனுப்புவது என்றால் கை ஒரே ஒரு விதமாகத்தான் வேலை செய்யும். ரயிலுக்குப் புளியோதரை கட்டிக் கட்டிப் பழகிய கை. அலமாரியிலிருந்து அலுமினியம் ஃபாயிலை எடுத்து, ஒரு முழம் கிழித்து, பேட்டரியை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, முனைகளைத் திருகி, காற்றுப் புகாமல் அழுத்தி விட்டேன். எண்ணெய் கசியாது என்று ஒரு திருப்தி கூட வந்தது. அந்தப் பொட்டலத்தைப் பட்டாணியின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஃப்ரிட்ஜுக்கு அருகில் ஒரு வாசனை. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் ஏதோ பழத்தை ஊறவைத்த மாதிரி ஒரு தித்திப்பு. ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் தட்டில் ஐஸ் இல்லை, தண்ணீர் இருந்தது. பட்டாணிப் பாக்கெட் உருகி ஃபாயிலோடு ஒட்டியிருந்தது. பொட்டலத்தைத் தொட்டேன். விரல் சுட்டது.

ஃப்ரீசருக்குள் ஒரு பொருள் சுடும் என்பதை ஏற்றுக்கொள்ள என் மூளைக்குச் சில விநாடிகள் பிடித்தன. அதுவரை நான் கதவைத் திறந்து பிடித்தபடி, உறவினர் எவராவது வந்து விளக்கம் சொல்வார் என்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். பொட்டலம் மெல்லச் சீறியது. அப்போதுதான் கால் நகர்ந்தது. பால் இறக்கும் இடுக்கியால் அதைப் பிடித்து, கையை முழுநீளம் நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். பக்கத்து வீட்டில் மாடி கட்டுவதற்காக எங்கள் சுவரோரம் கொட்டியிருந்த மணலில் அதை எறிந்து, மேலே இன்னும் இரண்டு வாளி மணலைக் கொட்டினேன். மணலுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை ஒரு கோடாக எழுந்தது. சிலிண்டர் ஃப்ரிட்ஜுக்கு இரண்டடி தள்ளி இருந்தது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பன்னிரண்டரைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஏன்னா, இது என்ன வாசனை?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஃபாயில் வரைக்கும் சொன்னேன்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. கைப்பையைக் கீழே வைக்காமலே என் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். கொப்புளம் ஆள்காட்டி விரலில் மட்டும்தான். "கண்ணுல ஒண்ணும் படலையே?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போய், பாலையும் தயிரையும் பூவையும் அத்தனையையும் எடுத்துக் கொட்டி, ஃப்ரிட்ஜைக் கழுவ ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முப்பது வயதுக்காரர், பொறுமைசாலி.

"இந்த மாடலுக்கு பேட்டரி இப்ப வர்றதில்ல சார். ஆர்டர் போட்டா ரெண்டு வாரம் ஆகும். பழசு எங்க?"

"மணல்ல இருக்கு."

"மணல்லயா?"

விளக்கினேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஓட்டைத் தொறந்துட்டு ஃபாயில் சுத்துனீங்களா? ஃபாயிலும் கம்பிதானே சார். ஆறு செல்லுக்கும் சேர்த்து ஷார்ட் குடுத்திருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தி, ஆஸ்பத்திரியில் விசாரிப்பதுபோல, "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்றார்.

நல்லா இருக்காங்க என்றேன்.

"பேட்டரி இல்லாமயே சார்ஜர்ல ஓடும் சார், பயப்படாதீங்க. ஒயர் மட்டும் கழண்டுடாம பாத்துக்குங்க. அந்த மணலை மட்டும் யாரையும் கிளற விடாதீங்க. அதை எங்க குடுக்கணும்னு நான் விசாரிச்சுச் சொல்றேன்."

ஆக வியாழக்கிழமை காலை நாங்கள் கே.கே. நகரில் இருந்தோம். முதலில் அவள் சொன்ன அதே இடத்தில். நடுவில் ஒரு பேட்டரியும் ஒரு பாக்கெட் பட்டாணியும் காலி, அவ்வளவுதான் வித்தியாசம். மைத்துனி சாப்பாட்டு மேஜையை ஒழித்துக் கொடுத்தாள். என் செல்போனிலிருந்து இணைய இணைப்பு. என் பொறுப்பு ஒயர். பிளக் சுவரிலிருந்து நழுவிவிடக்கூடாது என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிளக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேமராவில் நான் விழவில்லை. அதுதான் முக்கிய நிபந்தனை.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. திரையில் அவளுடைய நெறியாளர், வெளித் தேர்வாளர், பார்வையாளர்களாக நாற்பது ஐம்பது பேர். அவள் ஸ்லைடுகளைக் காட்டி அழகாகப் பேசி முடித்தாள். தேர்வாளர் சரளமாகத் தமிழ் பேசுபவர்தான், குரலில் மட்டும் டெல்லி. மூன்றாவது கேள்வியைக் கேட்டு முடித்தார். அவள் வாயைத் திறந்தாள்.

தலைக்கு மேல் மின்விசிறி ஒரு மூச்சு தயங்கி, மறுபடி சுற்றியது.

"கரண்ட் போயிடுத்து. இன்வெர்ட்டர் வந்துடுத்து அத்திம்பேர், கவலைப்படாதேங்கோ" என்றாள் மைத்துனி சமையலறையிலிருந்து.

லேப்டாப் திரை கறுப்பாக இருந்தது. பிளக்கை நான் பிடித்த பிடி விடவே இல்லை. கரண்ட் போவதற்கும் இன்வெர்ட்டர் வருவதற்கும் இடையில் கண் இமைக்கும் நேரம்தான். பேட்டரி இல்லாத லேப்டாப்புக்கு அது போதுமானதாக இருந்தது. ஒன்பது நிமிடம் தாங்கும் அந்தப் பழைய பேட்டரி அரை விநாடியை எத்தனை முறை தாங்கியிருக்கும் என்று என் மனம் தன் போக்கில் வகுத்துப் பார்த்தது. ஆயிரத்துக்கு மேல் வந்தது. நான் தரையிலேயே இருந்தேன். எழுந்து அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். அந்த லேப்டாப் கண் விழிக்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் அவள் செல்போன் அடித்தது. நெறியாளர்.

"எங்கம்மா காணாமப் போயிட்டீங்க?"

"கரண்ட் போயிடுத்து சார். லேப்டாப்ல பேட்டரி இல்லை."

"என்னாச்சு பேட்டரிக்கு?"

அவள் ஒரு விநாடி யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. "எங்காத்துக்காரர் அதை ஃப்ரீசர்ல வெச்சுட்டார் சார்."

அப்புறம் நெறியாளர், "அம்மா, உங்களை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் கேக்கறாங்க" என்றார். அந்த ஐம்பது பேரில் எனக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டாம் என்று தீர்மானித்தேன். தேர்வாளரின் குரல், அனுபவப்பட்டவர் தொனியில், தூரத்திலிருந்து கேட்டது.

"ஃபாயில் சுத்தினாரா?"

"சுத்தினார் சார்."

"யாருக்கும் அடி ஒண்ணும் இல்லையே? நல்லது. போன்லயே பதில் சொல்லுங்க. அந்த வாய்க்கால் கல்வெட்டில் தண்டனைப் பகுதி என்ன சொல்கிறது?"

ஸ்லைடு இல்லை, குறிப்பு இல்லை, எல்லாம் அந்தக் கறுப்புத் திரைக்குள். அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். முசிறிச் சாலையில் ஜீயபுரத்தைத் தாண்டி ஒரு வாய்க்கால். ஊரார் யார் யார் எத்தனை முழம் தூர் வாரவேண்டும், யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று வரிசையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தூர் வாராதவனுக்கு என்ன தண்டனை என்கிற வரியில் கல் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டைத் தேடி ஏழு முறை போனாளாம். ஒரு வீட்டில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்ததாம். எழுத்து இருந்த பக்கம் சோப்பிலும் அடியிலும் தேய்ந்து மழுங்கியிருந்ததாம்.

"அப்ப தண்டனை என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"எனக்குத் தெரியாது சார். முன்னாடி எழுதினவா அபராதம்னு ஊகிச்சிருக்கா. நான் அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கேன். கல்லுல இல்லாததை நான் எழுத முடியாது."

நாற்பது நிமிடம் பேசினாள். நடுவில் லேப்டாப் விழித்துக்கொண்டது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, வேலையற்றுப்போன பிளக்கைப் பிடித்தபடி கேட்டேன். பேட்டரி சீறியபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் ஒரு மனுஷி, ஒரு துவைகல்லைத் தேடி ஏழு முறை வெயிலில் முசிறி பஸ் ஏறியிருக்கிறாள். விடுமுறை நாட்களில் நூலகம் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்றார் தேர்வாளர். மைத்துனி கேசரி கொண்டுவந்தாள். என் மனைவி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தாள்.

திரும்பும்போது சத்திரத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் மாறினோம். இடம் கிடைத்தது. பாலம் ஏறும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அந்தத் துவைகல் விஷயத்தை ஏன் என்கிட்ட ஒரு நாள்கூடச் சொல்லலை?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி, நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"நாலாவது அத்தியாயத்துல இருக்கே. நீங்கதானே ப்ரூஃப் பார்த்தேள்."

பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் இரண்டு முறை. நாலாவது அத்தியாயத்தில் மட்டும் பதினேழு பிழை பிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, என்னைத் தவிர இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அவளிடம் அன்று பெருமையாக வேறு கேட்டிருந்தேன்.